பாக்கெட்டின் முன்பக்கத்தில் பாட்டி எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்கும் ரெடிமேட் சாப்பாடு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சின்ன ஊர்களிலிருந்து புதிது புதிதாகத் தொழில்முனைவோர் இந்தத் துறைக்கு வருவதை அக்கறையோடு எழுதியிருந்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அதில் அச்சிட்டிருந்த பாக்கெட் படங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டி, ஒரு மண்சட்டி, புகையும் விறகடுப்பு. நீங்களும் 'பாட்டி கைப்பக்குவம் இனி பாக்கெட்டில்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டீர்கள். அந்தத் தலைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் பக்கத்தில் சின்னதாக ஒரு உணவுப் பதனக் கூடம் நடத்துகிறேன். அதற்கு முன்னால் குடும்பமாக மெஸ் நடத்தினோம். மெஸ்ஸில் என் மாமியார் போட்ட வரகு சாம்பார் சாதத்துக்கென்றே வருகிறவர்கள் இருந்தார்கள். அதை அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிற 300 கிராம் பாக்கெட்டாக்கலாம் என்று இறங்கினோம். இன்று அது விற்பனையில் இருக்கிறது. ஆனால் மெஸ்ஸில் இலையில் விழுந்த சாதமும் பாக்கெட்டில் இருக்கும் சாதமும் ஒன்று அல்ல. ஒன்றாக இருக்கவும் முடியாது. பாட்டி படத்தோடு விற்கும் எந்தக் கம்பெனிக்கும் இது தெரியும்.

எங்கள் பாக்கெட் 'ரிட்டார்ட் பவுச்' என்ற வகை. அது என்னவென்று பலருக்குத் தெரியாது. வெளியே பாலியெஸ்டர், நடுவில் அலுமினியத் தாள், உள்ளே சாப்பாடு படும் பக்கம் பாலிபுரோப்பிலீன் என்று அடுக்கடுக்காக ஒட்டிய பை அது. அதில் சாப்பாட்டை நிரப்பி, காற்றை முடிந்தவரை வெளியேற்றி, வாயை ஒட்டிவிட்டு, ரிட்டார்ட் எனப்படும் அழுத்தக் கலனுக்குள் தட்டுத் தட்டாக அடுக்குவோம். வீட்டுக் குக்கர் வேலை செய்கிற விதம்தான். கூடுதலாக, பை வெடிக்காமலிருக்க வெளியிலிருந்தும் காற்றழுத்தம் கொடுப்போம். பையின் நட்ட நடுவில், சூடு கடைசியாகப் போய்ச் சேருகிற இடத்தில், 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 நிமிடம் இருந்ததற்குச் சமமான வெப்பம் பட்டிருக்க வேண்டும். அதை அளக்க மாதிரிப் பைக்குள் வெப்ப உணரியைச் செருகி வைத்துப் பார்ப்போம். உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு இது. காற்றில்லாத இடத்தில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநிலைக்கெல்லாம் சாகாது. சாப்பாட்டின் புளிப்பு அதிகமாகி, பி.எச். அளவு 4.6-க்குக் கீழே போனால் அது தலைதூக்காது. ஊறுகாய்க்கு அந்த வழி சரி. பருப்பும் தானியமும் கலந்த சாம்பார் சாதத்தை அந்த அளவுக்குப் புளிக்க வைத்தால் வாயில் வைக்க முடியாது. அதனால் எங்களுக்கு வெப்பம் ஒன்றே வழி.

இப்போது மாமியாரின் பக்குவத்துக்கு வருகிறேன். வரகையும் துவரம்பருப்பையும் ஒன்றாகக் குழைய வேகவிட்டு, புளிக்கரைசலும் பொடியும் சேர்த்துக் கொதித்ததும் காய் போட்டு, கடைசியில் நெய்யும் கொத்தமல்லித் தழையுமாக இறக்குவார். அதை அப்படியே பையில் போட்டு ரிட்டார்டில் வைத்தால் வெளியே வருவது களி. பைக்குள்ளேயே இன்னொரு முறை வேகப்போகிறது என்பதால் வரகைப் பாதி வேக்காட்டில் எடுத்தாக வேண்டும். பருப்பு கெட்டியாக இருந்தால் சூடு நடுவரைக்கும் போகத் தாமதமாகும், அந்த நேரத்தில் ஓரம் தீய்ந்த ருசி வந்துவிடும். ஆக, சாதத்தைத் தளர்த்திவிட்டோம். முருங்கைக்காய் நாராகப் பிரிந்து பல்லில் மாட்டும், அதை எடுத்தோம். கத்தரிக்காய் இருந்த இடம் தெரியாமல் கரைந்தது, அதையும் எடுத்தோம். சின்ன வெங்காயமும் நூக்கலும் நின்று பிடித்தன. கொத்தமல்லித் தழை கறுத்துப் போகும் என்பதால் தனியா வறுத்த பொடியைக் கூட்டினோம். பெருங்காயமும் வெந்தயமும் அந்தச் சூட்டில் தூக்கலாகிவிடும், குறைத்தோம். உப்பும் புளியும்கூட நிரப்பிய அன்றைக்கு ஒரு ருசி, சில வாரம் கழித்து வேறு ருசி. இதையெல்லாம் பழகப் பழகத்தான் பிடித்தோம். தஞ்சாவூரில், நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கும் இடத்தில் நல்ல ஆலோசனை கிடைத்தது. தயாரான பைகளை 37 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரம் வைத்து, எதுவும் உப்பவில்லை என்று பார்த்த பிறகுதான் அந்தத் தொகுதியை வெளியே அனுப்புகிறோம்.

முடிவாக வந்ததை மாமியாரிடம் கொடுத்தபோது சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இது என் சாதம் இல்ல, ஓன் சாதம்." அதைவிட நேர்மையான சான்றிதழ் எனக்கு யாரும் தந்ததில்லை.

பாட்டி படம் போடுவதில் என்ன தவறு, வியாபாரம்தானே என்று கேட்பார்கள். உணவு விளம்பரங்களுக்கும் லேபிள் வாசகங்களுக்குமான 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள். 'பாரம்பரிய' என்று போட வேண்டுமானால் அந்தச் செய்முறை தலைமுறை தலைமுறையாக, பெரிய மாற்றம் ஏதும் இல்லாமல் இருந்து வந்திருக்க வேண்டும். 'வீட்டில் செய்தது', 'வீட்டுச் சமையல்' போன்று வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கும் சொற்களைப் போடவே கூடாது. பிராண்டு பெயரிலேயே 'அசல்', 'தூய', 'பாரம்பரிய' மாதிரி சொல் இருந்தால், 'இது வெறும் பிராண்டு பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல' என்ற பொருளில் ஒரு அறிவிப்பும் லேபிளில் இருக்க வேண்டும். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பக்கப் படத்தை யாரும் இந்த விதியை வைத்து அளப்பதில்லை. 'வீட்டுச் சமையல்' என்று எழுதுவதற்குப் பதில் மூக்குத்தி போட்ட பாட்டி சட்டியைக் கிளறுகிற மாதிரி வரைந்துவிட்டால் வேலை முடிந்தது. எழுத்தில் சொல்லக் கூடாததைப் படத்தில் சொல்கிறார்கள்.

எங்களிடமும் கேட்டார்கள். ஒரு சூப்பர் மார்க்கெட் சங்கிலியின் கொள்முதல் மேலாளர் சாதத்தை ருசி பார்த்தார், பிடித்திருந்தது. "ஆனா இதுல கதை இல்லையே மேடம்" என்றார். மாமியார் படத்தைப் போடுங்கள், காவிரிக் கரை, ஓட்டு வீடு, அம்மி என்று அடுக்கினார். நாங்கள் முன்பக்கத்தில் போட நினைத்திருந்த வாசகம் 'நீராவி அழுத்தத்தில் சூடேற்றிப் பதப்படுத்தியது, பிரிசர்வேட்டிவ் சேர்க்கவில்லை' என்பது. அதைப் பார்த்துவிட்டு ஃபேக்டரி வாசனை அடிக்கிறது என்றார். ஃபேக்டரியில்தானே செய்கிறோம்! கடையில் நிற்கிற ஒருவர் மனதில் வருகிற முதல் சந்தேகமே 'ஒரு வருஷம் கெடாம இருக்குதுன்னா என்னத்தைக் கலந்தாங்களோ' என்பதுதான். அதற்கு நேரான பதில் எங்களிடம் இருக்கிறது. அந்தப் பதிலை மறைத்துவிட்டு அம்மியைக் காட்டினால் சந்தேகம் அப்படியே இருக்கும்.

வெட்கப்படுகிற மாதிரி தொழில்நுட்பமும் இல்லை இது. மைசூரில் 1961-ல் தொடங்கிய பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சி ஆய்வகம் எல்லையில் நிற்கும் சிப்பாய்களுக்காக இதை நம் சாப்பாட்டுக்கு ஏற்றபடி உழைத்து உருவாக்கி, பிறகு தனியார் நிறுவனங்களுக்கும் கற்றுக்கொடுத்தது. ஜப்பானில் 1968-லேயே பான் கறி என்ற பெயரில் பவுச் குழம்பு கடைக்கு வந்துவிட்டது. அடுப்பு பற்றவைக்க வசதியில்லாத விடுதி அறையிலும், பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருக்கிற நேரத்திலும், இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறவருக்கும் ஒரு வேளைச் சுத்தமான சாப்பாடு கிடைக்கிறது என்றால் அது பெருமைப்பட வேண்டிய விஷயம். அந்தப் பெருமையை அதன் சொந்தப் பெயரிலேயே சொல்லலாமே.

பாட்டியைவிட எனக்குக் கவலை தருவது சிறுதானியம். ஐ.நா. சபை 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கம்பு, வரகு, சாமை, தினை என்ற பெயர் இல்லாத பாக்கெட்டே இல்லை என்றாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் முன்னால் 'தினைப் பொங்கல்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பின்னால் பொருட்பட்டியலில் முதலில் அரிசி, அப்புறம் பருப்பு, அதற்கும் பின்னால் தினை என்று வந்தால் அதற்கு என்ன பெயர்? பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். எழுத்தாலோ படத்தாலோ ஒரு பொருளை எடுத்துக்காட்டி விற்றால் அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு லேபிள் விதி. சொல்கிறார்கள், பின்பக்கத்தில், மூக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் சொன்னார் என்று சிறுதானியம் தேடுகிறவர், கடை வெளிச்சத்தில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அந்தப் பக்கத்திலேயே, பெயருக்குப் பக்கத்திலேயே சதவீதமும் இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் அப்படித்தான் போடுகிறோம். எங்கள் சாதத்தில் தானியம் என்றால் வரகு மட்டும்தான், அரிசி கிடையாது. அரியலூர் பக்கத்து விவசாயிகளிடம் வாங்குகிறோம். வரகில் தோல் நீக்குவது பெரும்பாடு, அதனால் அரிசியைவிடச் செலவு கூடுதல். அந்தச் செலவைச் செய்கிறவரும் செய்யாதவரும் அலமாரியில் ஒரே மாதிரித் தெரிந்தால், அடுத்த ஆண்டு யார் வரகு வாங்குவார்கள்?

உப்பும் இதே கதைதான். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது சுமார் 5 கிராம் உப்பு, என்பதை வைத்துத்தான் நம் லேபிள்களில் சதவீதம் போடுகிறார்கள். 100 கிராமுக்கு 450 மில்லிகிராம் என்று பார்த்தால் சின்னதாகத் தெரியும். 300 கிராம் பாக்கெட் முழுவதையும் சாப்பிட்டால் 1350 ஆகிவிடும். ஒரு நாள் அளவில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வேளையில்! ஒரு பரிமாறல் 150 கிராம் என்று போட்டு அதையும் பாதியாக்கிக் காட்டுகிறவர்கள் உண்டு. ஒரு பாக்கெட் சாம்பார் சாதத்தைப் பிரித்துப் பாதியை மூடிவைத்து நாளைக்குச் சாப்பிடுகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. சிலி நாட்டில் 2016-லிருந்து உப்போ சர்க்கரையோ அதிகமானால் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். நம் நாட்டில் 2022-ல் நட்சத்திர மதிப்பீடு என்று ஒரு வரைவு வந்தது, பேச்சு இன்னும் முடியவில்லை. சட்டம் வருகிறபோது வரட்டும். முழுப் பாக்கெட்டுக்கும் எவ்வளவு உப்பு என்று முன்னால் ஒரு வரி போட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

தமிழ் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. லேபிளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. வேறு மொழியைக் கூடுதலாகப் போடலாம், தடையில்லை. விளைவு என்ன? முன்பக்கத்தில் பிராண்டு பெயர் அழகான தமிழில், பாட்டியும் தமிழ்ப் பாட்டி, வாசகமும் 'நம்ம ஊரு ருசி'. திருப்பினால் ஒரு எழுத்து தமிழ் கிடையாது. நிலக்கடலை ஒவ்வாத பிள்ளையின் தாய்க்கு 'இதில் நிலக்கடலை இருக்கிறது' என்பது எந்த மொழியில் தெரிய வேண்டும்? பெட்டியில் இடமில்லை என்று சொல்வார்கள். பாட்டி படம் அடைத்திருக்கும் இடமே பொருட்பட்டியலுக்கும் ஒவ்வாமை எச்சரிக்கைக்கும் சூடுபண்ணும் முறைக்கும் தாராளம். தமிழ்நாட்டில் விற்கும் உணவுக்குப் பின்பக்கத் தமிழும் கட்டாயம் என்று மாநில அரசு வலியுறுத்த வேண்டும். அதற்கு உங்களைப் போன்ற நாளிதழ்கள் குரல் கொடுக்க வேண்டும்.

நடக்காத காரியம் என்று ஒதுக்க வேண்டாம். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், சர்க்கரை மிகுந்த பானங்கள், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரில் விற்கப்படுவதை எதிர்த்துப் பல ஆண்டுகள் தனியாகப் போராடினார். 2025 அக்டோபரில் அந்தப் பெயரை நீக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு '100 சதவீதம் பழச்சாறு' என்ற வாசகத்தையும் எடுக்கச் சொன்னார்கள். கேட்க ஆள் இருந்தால் லேபிள் மாறுகிறது.

கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. புதுப் பொருளை அலமாரியில் ஏற்றக் கட்டணம், ஒவ்வொரு கிளைக்கும் தொடக்கத்தில் இலவசச் சரக்கு, விற்பனை விலையில் கணிசமான பங்கு, காலாவதியானது முழுக்க எங்கள் தலையில், அதற்கு மேல் பணம் வர மாதக்கணக்கு. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை. இவ்வளவும் போக மிச்சமிருப்பதில்தான் நெய்யும் வரகும் வாங்க வேண்டும். விலையைக் கூட்ட முடியாதவர் எதைக் குறைப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படத்துக்குச் செலவு ஒரே ஒரு முறை, வரகுக்குச் செலவு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும்.

அந்தக் கொள்முதல் மேலாளரின் சங்கிலியில் எங்கள் பெட்டி இல்லை. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சியில் நடுத்தர அளவிலான பல்பொருள் அங்காடிகள் வாங்குகின்றன. பெட்டியின் முன்னால் பெரிய எழுத்தில் வரகு சாம்பார் சாதம், அதன் கீழ் வரகு எத்தனை சதவீதம், முழுப் பாக்கெட்டில் உப்பு எவ்வளவு, எப்படிப் பதப்படுத்தியது, எந்த ஊரில் செய்தது. படம் வேண்டும் என்பதற்காகத் தட்டில் கொட்டிய சாதத்தையே எடுத்துப் போட்டோம், மேலே தழை தூவாமல், நெய் ஊற்றாமல். உள்ளே இருப்பதுதான் வெளியே தெரிகிறது. ஒரு முறை வாங்கியவர்கள் திரும்ப வந்து கேட்கிறார்கள் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு ரெடிமேட் சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது பாக்கெட்டின் முன்பக்கப் படத்தோடு பின்பக்கப் படத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். பொருட்பட்டியலைத் தமிழில் பெயர்த்துக் கீழே கொடுங்கள். எங்கள் பெட்டியிலிருந்தே தொடங்குவதானால் இரண்டு பக்கத்தையும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு உணவுத் தயாரிப்பாளர்,
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.